செரிக் குளிசையும் எங்கள் பிள்ளைகளின் நித்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. புளிப்புச் செரிக் குளிசை எடுத்தால் ஓடிக் களைத்த தசைகள் ஒரே இரவில் தேறிவிடும், நல்ல நித்திரையும் வரும் என்று நாலு வரி. அந்த நாலு வரியை என் மகன் வெட்டியெடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன். இது நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, கொஞ்சம் நீளும், வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

மகனுக்கு 17 வயது. உயர்தரம் படிக்கிறான், 1500 மீற்றரும் 5000 மீற்றரும் ஓடுகிறான், வலயத்தில் வென்று இப்போது மாகாணப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிகிற நேரத்தில் மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல் பாய வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பகல் வரை ஒன்றும் தெரியவில்லை, சாப்பிட்டான், சைக்கிளில் திரிந்தான். திங்கள் காலை மாடிப்படியில் அவன் இறங்கி வந்ததைக் குசினியில் நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேல்மாடிப் பக்கம் திருப்பி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். "தொடை உளையுது அம்மா, நேர இறங்க ஏலாமல் கிடக்கு" என்றான். இந்த உளைவு அடுத்த நாள், அதற்கடுத்த நாள்தான் உச்சத்துக்கு வரும். தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளுகிறபோது, அதாவது பாய்ந்து விழுந்து குந்துகிறபோதும் படியில் இறங்குகிறபோதும், அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு வருகிறது. அதுதான் காரணம். பழக்கமில்லாத பயிற்சியைத் திடீரென்று கொடுத்தால் யாருக்கும் வரும், மூன்று நாலு நாளில் தானாகவே போகும்.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளோடு கதைக்கும்போது இதைச் சொல்லிவிட்டேன். பாசத்தில் அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு போத்தல் செரிக் குளிசை கொடுத்துவிட்டார். அதோடு உங்கள் துணுக்கும் வந்து சேர, மகனுக்கு அது வேதவாக்காகிவிட்டது.

நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அதனால் முதலில் ஒரு குளிசையைப் பிரித்துப் பீரிசில் கொட்டிப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் ஒரு தூள், எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு அதற்குள்ளேயே கொஞ்சம் கட்டிபட்டிருந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு பக்கத்தில் தேசிக்காய்ப் புளி ரெண்டு சொட்டு விட்டேன், பளிச்சென்று சிவந்தது. மற்றப் பக்கத்தில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டேன், நீலம் பாய்ந்த கரும்பச்சையாக மாறியது. அந்தோசயனின் என்கிற நிறச்சத்து அப்படித்தான், அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும். ஆக, தூள் உண்மையான பழத்தூளாகத்தான் தெரிந்தது. அது எனக்கு ஆறுதல். ஆனால் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பீரிசும் தேசிக்காயும் சொல்லாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த மூன்று இரவும் இருந்து வாசித்தேன். கேக்கின் மேல் வைக்கிற, சீனிப்பாகில் ஊறிச் சாயம் ஏறிய செரி வேறு, இது வேறு. இது மொன்மொறென்சி என்கிற புளிப்பு இனம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில்தான் கூடுதலாக விளைகிறது. அதிலுள்ள நிறச்சத்து, உடம்பில் வீக்கத்தையும் நோவையும் கிளப்புகிற சில நொதியங்களை ஓரளவு அடக்குகிறது. இபுபுரோஃபன் போன்ற நோ மாத்திரைகள் அடக்குகிற அதே நொதியங்கள்தான். எனவே இதை வெறும் புரளி என்று தள்ள நான் தயாரில்லை. 2006இல் 14 கல்லூரி மாணவர்களுக்கு எட்டு நாள் தினமும் இரண்டு வேளை செரிச்சாறு கொடுத்து, இடையில் கைத்தசையை நன்றாக வேலை வாங்கிப் பார்த்தார்கள். வெறும் சுவைநீர் குடித்தபோது தசையின் பலம் 22 சதவீதம் குறைந்தது, செரிச்சாறு குடித்தபோது 4 சதவீதம்தான். 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், லண்டன் மரதன் ஓடிய 20 பேரைப் பார்த்தபோது, சாறு குடித்தவர்களின் கால் பலம் மற்றவர்களைவிட வேகமாகத் திரும்பியிருந்தது. அதே ஆண்டு வெளிவந்த, ஒரிகன் மாநிலத்தில் மலையிலிருந்து கடல்வரை ஓடுகிற நீண்ட அஞ்சலோட்டத்தில் 54 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் சாறு குடித்தவர்களுக்கு நோ குறைவாகத்தான் ஏறியது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு நானும் ஒரு கணம் "சரி, கொடுப்போமே" என்றுதான் நினைத்தேன். பிறகு ஆறுதலாகத் திரும்ப வாசிக்கும்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன, உங்கள் துணுக்கில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த மூன்று ஆய்விலும் கொடுத்தது சாறு. ஒரு வேளைக்கு ஒரு பெரிய கிளாஸ், நாளுக்கு இரண்டு வேளை. அதையும் உளைவு வந்த பிறகு கொடுக்கவில்லை. மரதன்காரர்கள் ஐந்து நாள் முன்பே தொடங்கினார்கள், ஒரிகன்காரர்கள் ஏழு நாள் முன்பே. ஓடிவிட்டு வந்து இரவு ஒரு குளிசையை விழுங்கி விடியத் தேறுகிற கதை எந்த ஆய்விலும் இல்லை. போதாததற்கு எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவும் இல்லை. 2019இல் பாரப் பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்களுக்குப் புளிப்புச் செரிச்சாறும் மாதுளைச்சாறும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரண்டுக்கும் ஒரு பலனும் காணவில்லை. சில ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது செரி விற்பனையை வளர்க்கிற அமைப்பே. அதற்காக முடிவு பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வாசிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. 2005இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 29 செரி நிறுவனங்களுக்கு, பழத்தை மருந்துபோலச் சொல்லி விற்காதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. செரி விளையும் நாட்டிலேயே நிலைமை அது.

இன்னொன்று, நோவையும் வீக்கத்தையும் எப்போதும் அடக்கிக்கொண்டே இருப்பதும் நல்லதில்லை. பயிற்சியில் தசைக்கு வருகிற அந்த அழுத்தமும் சின்னச் சேதமும்தான் அதைத் திருத்தி முன்னையைவிடப் பலமாகக் கட்டச் சொல்லி உடம்புக்குத் தகவல் கொடுக்கிறது. விற்றமின் சீயையும் ஈயையும் பெரிய அளவில் தினமும் விழுங்கினால் பயிற்சியின் பலனில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அடுத்தடுத்த நாள் ஓடவேண்டிய பெரிய போட்டி என்றால் செரிச்சாறு குடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வளர்கிற பிள்ளை ஆண்டு முழுக்க எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நித்திரைக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே இதைத்தான்.

செரியில் மெலற்றோனின் இருக்கிறது, அதனால் நித்திரை வரும் என்கிறார்கள். இருப்பது உண்மை. இருட்டத் தொடங்கியதும் எங்கள் மூளையில் ஒரு சின்னச் சுரப்பி சுரக்கிற அதே பொருள். ஆனால் எவ்வளவு இருக்கிறது? 2001இல் அளந்தபோது ஒரு கிராம் மொன்மொறென்சிப் பழத்தில் ஏறக்குறைய 13 நனோகிராம் இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மில்லிகிராம் மெலற்றோனின் வேண்டும் என்றால் 75 கிலோ அளவு பழம் வேண்டும், என் மகனைவிட நிறை கூடிய பழம். சாறு குடித்த ஆய்வுகளில் நித்திரை கொஞ்சம் கூடியது மெய்தான். 2012இல் 20 பேருக்கு ஏழு நாள் செறிந்த சாறு கொடுத்தபோது ஏறக்குறைய அரை மணித்தியாலம் கூடியது. 2018இல் 50 வயது தாண்டிய, நித்திரையில்லாமல் அவதிப்பட்ட எட்டுப் பேரிடம் 84 நிமிடம் கூடியது. பழத்திலுள்ள வேறொரு சத்து, மெலற்றோனின் உருவாகத் தேவையான திரிப்தோபன் வீணாக உடைந்துபோவதைக் குறைக்கிறது என்பதை அவர்கள் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் யார்? படுத்தும் நித்திரை வராதவர்கள். என் பிள்ளைக்கு அந்த வருத்தம் இல்லை. சோற்றுக்கோப்பைக்கு முன்னாலேயே அவன் கண் சொருகுகிறது. அவனுக்குப் படுக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

14 நாள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். 4.40க்கு எலாம். 5.15 முதல் 6.30 வரை மைதானம். 7.30க்குப் பாடசாலை, 1.30க்கு விடுகிறது. வீட்டுக்கு வந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு 2.30க்கு பௌதிகவியல் ரியூசன். 5 மணிக்குத் திரும்ப மைதானம். வேர்வை காயமுதல் 6.30க்கு இணைந்த கணித ரியூசன், 8.30க்கு முடியும். குளித்துச் சாப்பிட ஒன்பதரை. பிறகு வீட்டுவேலை, பிறகு போன். போனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, நாள் முழுக்க அவனுக்கென்று கிடைக்கிற ஒரே முக்கால் மணித்தியாலம் அதுதான். ஆனால் அந்த வெளிச்சம் கண்ணில் விழுந்துகொண்டிருக்கும்வரை மூளை இன்னும் பகல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். 11.30, சில நாள் 11.50. பதினான்கு நாளையும் கூட்டிப் பிரித்துப் பார்த்தேன், நாளுக்கு 5 மணித்தியாலம் 10 நிமிடம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்று உலகம் முழுக்க நித்திரை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொப்பியை மூடிவிட்டு நான் அழுதேன். எந்தக் குளிசை இந்த மூன்று மணித்தியாலத்தைத் தரும்?

நித்திரையைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் செரியைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைப் பேசுவதில்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்தாட்ட வீரர்களிடம், ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் பத்து மணித்தியாலம் கட்டிலில் கிடக்கப் பாருங்கள் என்றார்கள். வேறொன்றும் கொடுக்கவில்லை. அவர்களின் குறுந்தூர ஓட்ட நேரம் 16.2 செக்கனிலிருந்து 15.5 செக்கனாக இறங்கியது, கூடைக்குள் பந்து விழுகிற அளவும் 9 சதவீதம் கூடியது. ஓடுகிறவர்களுக்குத் தெரியும் 0.7 செக்கன் என்றால் என்னவென்று. 2014இல் 112 பாடசாலை விளையாட்டு வீரர்களைப் பார்த்தபோது, எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக நித்திரை கொள்கிறவர்களுக்குக் காயம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு. தசையைத் திருத்துகிற வளர்ச்சி ஓமோன் கூடுதலாகச் சுரப்பதும் ஆழ்ந்த நித்திரையில்தான். அதாவது செரியிடம் நாங்கள் கேட்கிற உளைவு, காயம், களைப்பு எல்லாவற்றுக்குமான வேலையை உடம்பு இலவசமாகவே செய்கிறது, செய்ய விடுவதில்லை நாங்கள்.

நானும் அந்த 'நாங்களில்' ஒருத்திதான், நானும் பின்னேர வகுப்பு எடுத்திருக்கிறேன், பின்வரிசையில் தலை சரிகிற பிள்ளையை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பிள்ளைகள் விடிய மைதானத்தில் நின்றுவிட்டு வந்தவை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது இப்போது நெஞ்சில் குத்துகிறது.

அப்புறம் அந்தப் பீரிசு விஷயம். குளிசைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று வாங்குகிற எங்களுக்குத் தெரியாது. 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருள்களை ஜேர்மனியின் கோல்ன் நகர ஆய்வுகூடத்தில் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 94இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்து அளவில், லேபிளில் சொல்லாத ஊக்கமருந்து ஓமோன்கள் இருந்தன. ஊக்கமருந்து விதிகளில், உடம்பில் என்ன கிடந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. மச்சாள் அனுப்பினா, மாஸ்ரர் தந்தார், எனக்குத் தெரியாது என்றால் தண்டனை குறையலாம், பெயர் கெட்டது கெட்டதுதான். கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு நடந்தது நினைவிருக்கும். 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் பிரெட்னிசோன் என்கிற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. தோள் உபாதைக்காகக் குடித்த மூலிகை மருந்தால் வந்தது. திறமையைக் கூட்டுகிற எண்ணம் அவருக்கு இல்லை என்று விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள், அப்படியிருந்தும் மூன்று மாதத் தடை. நாட்டின் அணிக்கு ஆடிய, மருத்துவர்கள் சூழ இருந்த ஒருவருக்கே அந்த நிலைமை என்றால் கோண்டாவிலில் இருந்து சைக்கிளில் மைதானத்துக்குப் போகிற பிள்ளைக்கு யார் துணை? எங்கள் இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இருக்கிறது. பெற்றோர் அங்கே கேட்டுவிட்டு வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதானால், தொகுதி தொகுதியாகச் சோதித்து 'இன்ஃபோம்ட் ஸ்போர்ட்' முத்திரை குத்தியதைப் பார்த்து எடுப்பிக்கச் சொல்லுங்கள். மச்சாள் அனுப்பிய போத்தலில் அந்த முத்திரை இல்லை. போன மாதம் எங்கள் பக்கத்து உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் 16 வயதுப் பெண்பிள்ளைக்கு லேபிளே இல்லாத பொலித்தீன் பையில் ஒரு தூளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்க்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை, கொட்டிவிடுங்கள் என்றேன்.

நிறச்சத்துத்தான் வேண்டும் என்றால் அது ரொறன்ரோவில் இருந்துதான் வரவேண்டும் என்றில்லை. அதே பீரிசுச் சோதனையை அவித்த இராசவள்ளிக்கிழங்குத் தண்ணீரில் செய்து மகனுக்குக் காட்டினேன், புளிக்குச் சிவந்தது, சோடாவுக்குப் பச்சையானது. நாவல்பழமும் எங்கள் கறுத்த முந்திரிகைப்பழமும் (திராட்சை) அப்படித்தான். கிழங்கு தின்றால் உளைவு வராது என்று நான் சொல்லவில்லை. பயிற்சி முடித்து வருகிற பிள்ளைக்குச் சோறும் பருப்பும் முட்டையும், கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்ட இராசவள்ளியும் வயிறு நிறையக் கொடுக்க ஒரு செரிப் போத்தலின் காசு எத்தனையோ நாளுக்குக் காணும் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பின்னேர ரியூசன் ஒன்றை நிறுத்தினோம், அந்தப் பாடத்தைச் சனிக்கிழமை பகலில் ஒரு அண்ணாவிடம் தனியாகப் படிக்கிறான். ஒன்பதரைக்குப் பிறகு எல்லாருடைய போனும், என்னுடையதும் அவனுடைய அப்பாவுடையதும்கூட, சாமியறைக்குப் பக்கத்து மேசையில். கிழமையில் இரண்டு நாள் காலைப் பயிற்சி வேண்டாம் என்று பயிற்றுநரிடம் நேரே போய்க் கேட்டேன். முதலில் முகம் சுருங்கியது, கொப்பியைக் காட்டியதும் அவரே மூன்று நாள் என்றார். இப்போது ஏழரை மணித்தியாலம் வருகிறது. இன்னும் எட்டு ஆகவில்லை.

எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்தார், யாழ். மத்திய கல்லூரிப் பிள்ளை. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்த அனித்தா தெல்லிப்பழை மகாஜனாவில் இருந்து வந்தவர். எங்கள் மண்ணில் பிள்ளைகளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

உங்களிடம் கேட்பது, அந்தத் துணுக்குப் போட்ட அதே மூலையில், குளிசையைப் பற்றி நான் மேலே சொன்ன விவரங்களைப் போடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சத்துக்குளிசை சொல்லிக் கொடுக்கிற பயிற்றுநர்களிடம் கேட்பது, அதற்கு முதல் எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். ரியூட்டரி நடத்துகிறவர்களிடம், அவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், கேட்பது இது: மாகாணப் போட்டிக்கு முந்தைய நாலு கிழமைக்கு, போட்டிக்குப் போகிற பிள்ளைகளை இரவு வகுப்பிலிருந்து விடுங்கள், கட்டணத்தை வேண்டுமானால் முழுதாகவே எடுங்கள். விட்டுப்போன பாடத்தின் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வலயத்தில் போகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையும் பாடசாலைகளில் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், இரசாயனவியல் ஆசிரியை,
கோண்டாவில்.